இடது கொம்பில் சிவப்பு

பன்னிரண்டாவது எருதின் வாய்க்குள் கலியாணசுந்தரத்தின் கை மணிக்கட்டைத் தாண்டிப் போயிருந்தது. வழவழவென்று நழுவுகிற நாக்கைக் கொத்தாகப் பிடித்து, பக்கவாட்டில் வெளியே இழுத்து, வெயில் விழும் திசைக்குத் திருப்பினான். மேல்புறம், அடிப்புறம், ஈறு, உதட்டின் உள்மடிப்பு. கொப்புளம் இல்லை. நாக்கை விட்டதும் எருது தலையை உதறியதில் அவன் சட்டை முழுக்க எச்சில் தெறித்தது. பிறகு குனிந்து நாலு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, பிளவுக்கு நடுவே கட்டைவிரலை வைத்து அழுத்தினான். எருது காலை இழுத்துக்கொள்ளவில்லை. வலி இல்லை என்று அர்த்தம்.

பத்து நாளாக இதே வேலை. மலாக்கா கால்நடை ஆபீஸில் அவன் டிரஸர். ஊரார் வாயில் மாட்டு டாக்டர். காஜா பெராங் பட்டியில் நிற்கும் இந்தப் பன்னிரண்டு எருதுகளும் ஷரீஃபுதீன் பாயுடையவை. ராணுவத்துக்குக் கறிமாடு பிடித்துக் கொடுப்பவர் அவர். மாடுகள் மாநிலம் தாண்டித் தாம்பின் போய், அங்கே ரயிலேற வேண்டும். முன்பு மலாக்காவிலேயே ஏற்றிவிடலாம். இப்போது ஜப்பான்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமில் போடுகிற ரயில்பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாடு நடந்துதான் போக வேண்டும்.

மாநிலம் தாண்டுகிற கறிமாட்டுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சட்டம் உண்டு. பத்து நாள் பட்டியில் அடைப்பு. தினமும் வாயும் குளம்பும் பார்க்க வேண்டும். கோமாரி இல்லை என்று உறுதியானால் பத்தாம் நாள் இடது கொம்பின் நுனியில் நாலு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பெயிண்டு. ஒவ்வொரு மாட்டின் நிறமும் சுழியும் எழுதிய சூராட் என்கிற அனுமதிச் சீட்டு ஒன்று. அந்தக் காகிதத்தில் டிரஸரின் கையெழுத்தும் அதிகாரியின் முத்திரையும் இருந்தால்தான் எல்லையில் விடுவார்கள். அந்தக் காலத்தில் ஏதாவது தப்பு நடந்தால் திட்டுவார்கள், மிஞ்சிப்போனால் ஊர் மாற்றுவார்கள். இப்போது அப்படியில்லை. போன மழைக்காலத்தில் ஜாசின் பக்கம் ஹாஷிம் என்கிற டிரஸர் எட்டு மாட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். ஜோகூர் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் அதில் ஒன்று வாயில் நுரை தள்ளி நொண்டியது. ராணுவத்துக்குப் போகிற கறியில் வேண்டுமென்றே சீக்கைக் கலந்தான் என்று பேச்சு. லாரியில் இரண்டு பேர் வந்து ஹாஷிமைக் கூட்டிப் போனார்கள். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போனார் என்று அவர் மனைவி சொன்னாளாம். அதற்கப்புறம் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கலியாணசுந்தரம் தினமும் நினைத்துக்கொள்வான்.

எருதின் கொம்பில் பெயிண்டு பூசிக்கொண்டிருந்தபோது பூங்காவனம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கையில் ஒரு கொட்டாங்கச்சி. பட்டியை அடுத்த கொட்டகையில் அவளுக்கு மூன்று பால் மாடுகள். புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போய் ஒரு வருஷம் ஆகிறது. கடுதாசி ஒன்றும் இல்லை. காலைப் பால் முழுக்க ராணுவ ஆஸ்பத்திரிக்கு அளந்தாக வேண்டும். சாயங்காலப் பாலில் ஒரு டம்ளர், யாருக்கும் தெரியாமல், கலியாணசுந்தரத்தின் எட்டு மாதக் குழந்தைக்கு வரும். மரவள்ளிக் கிழங்கையே தின்று தின்று அவன் மனைவி பாக்கியலட்சுமிக்குப் பால் வற்றிப்போயிருந்தது.

"தம்பி, அந்தச் செவப்புல கொஞ்சம் இருக்குமா? இன்னைக்கு மாட்டுப் பொங்கல். கடையில காவி கேட்டா சிரிக்கிறான். வெறுங்கொம்போட நிறுத்துனா இதுங்க என்னப் பத்தி என்ன நெனைக்கும்?"

"இது கவர்மெண்டு பெயிண்டுக்கா."

"நல்லதாப் போச்சு. நாளையிலேருந்து எம் மாடுங்களும் ஜப்பான்காரனக் கண்டா குனிஞ்சு கும்பிடும்."

பத்து நாளில் முதல் தடவையாக அவன் சிரித்தான். அரிசி இல்லாத பொங்கல். அவன் வீட்டில் கிழங்கு மாவைக் கிண்டி இறக்கியிருந்தார்கள். பக்கத்தில் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்திலும் அதே கதைதான் என்று கேள்வி. மாட்டுக்காவது பொங்கல் இருக்கட்டும் என்று தோன்றியது. அறுப்புக்குப் போகிற பன்னிரண்டு கொம்பில் பூசிய கையால் உயிரோடு இருக்கப்போகிற மூன்று மாட்டுக்கும் கொஞ்சம் கொடுத்தால் அந்தப் பாவம் கொஞ்சம் குறையுமோ என்றுகூட நினைத்தான். டின்னைச் சாய்த்துக் கொட்டாங்கச்சியில் பாதி ஊற்றினான். நானே வந்து பூசித் தருகிறேன் என்றதற்கு, நீ உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள். பொங்கலுக்கு இரண்டு கொம்பிலும் அடியிலிருந்து நுனிவரை பூசுவார்கள். ஆபீஸ் அடையாளம் இடது நுனியில் மட்டும். யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

மறுநாள் காலையில் சூராட்டை எடுத்துக்கொண்டு பண்டார் ஹிலிர் ஆபீஸுக்குப் போனான். மாடுகள் அதற்கடுத்த நாள்தான் கிளம்ப வேண்டும். அதிகாரி சின்ன வயது ஜப்பானியர். கண்ணாடி போட்டவர். குரலை உயர்த்தியதே கிடையாது. அதனாலேயே அவர் முன்னால் கலியாணசுந்தரம் தரையைப் பார்த்துத்தான் நிற்பான். வெகுநேரம் காக்க வைத்தபின் கூப்பிட்டு, பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பன்னிரண்டு வரை எண்ணினார். முத்திரையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். ரயில் ஒரு நாள் முந்திவிட்டதாம். காலையிலேயே சிப்பாய்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். மாடு எல்லையை எட்டுவதற்குள் காகிதம் அதன் கையில் இருக்க வேண்டுமாம். அதன் கையில் என்று சொன்னபோது மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரம் தோக்கியோ நேரப்படி ஒன்றரை காட்டியது. வெளியே சூரியன் அப்போதுதான் உச்சிக்கு வந்திருந்தது.

சைக்கிள் சக்கரத்தில் காற்றுக் குழாய் கிடையாது. பழைய ரப்பர் பைப்பை வளைத்துக் கம்பியால் கட்டியது. கல்லில் ஏறும்போதெல்லாம் பல் அடித்துக்கொள்ளும். வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று காஜா பெராங் வழியாகத் திரும்பியபோது பூங்காவனம் நடுரோட்டில் நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அழுது முடித்த முகம்.

"மூணையும் ஓட்டிட்டுப் போயிட்டானுங்க தம்பி. பட்டியோரம் புல்லுல மேய விட்டிருந்தேன். கொம்பைக் காட்டிக் காட்டி ஓட்டிட்டுப் போறான். குறுக்க போனேன், துப்பாக்கிக் கட்டையால தள்ளிட்டான்."

அவன் சைக்கிளை விட்டு இறங்கினான். பட்டியை எட்டிப் பார்த்தான். திறந்து கிடந்தது. இடமாவது வலமாவது, நுனியாவது அடியாவது. சிவப்பு என்றால் போகலாம். சிப்பாய்க்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

நான் போய்ப் பிரித்துக் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவன் பெடலில் கால் வைத்தபோது அவள் சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு இருக்கு. திட்டாத. செவலைக்கு மூணு நாளா வாயில தண்ணி ஊத்துது."

கலியாணசுந்தரம் பெடலிலிருந்து காலை எடுத்தான்.

"உப்புத் தண்ணி ஊத்திக் கழுவுனேன். வாழப்பழத்த எண்ணெயில போட்டுக் குடுத்தேன். நேத்து கொஞ்சம் தேவலாம்னு இருந்துச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நீதான வந்து எழுதுவ? மூணையும் சுட்டுப் பொதைக்கச் சொல்லி. எனக்கு வேற என்ன இருக்கு?"

அது உண்மை. எழுதியிருப்பான். அவளுடைய மாடுகள் மூன்று, பட்டியில் நின்ற பன்னிரண்டு, சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லாவற்றையும் எழுதியிருப்பான். பட்டிக்குப் பக்கத்தில் உள்ள மாடுகளையும் பார்க்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. முதல் நாள் பார்த்தான். அப்புறம் பார்க்கவில்லை. தினமும் டம்ளரில் பால் வாங்குகிற வீட்டில் போய் மாட்டு வாயைத் திற என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நேற்று அவள் தன்னைக் கொட்டகைப் பக்கம் வரவிடாமல் ஏன் கொட்டாங்கச்சியோடு வேலிக்கே வந்தாள் என்பது இப்போது புரிந்தது.

"பாப்பாவுக்குக் குடுத்த பாலு?"

"அம்மா மேல சத்தியமா கருப்பிகிட்ட கறந்தது தம்பி. செவலைகிட்ட கை வெக்கல."

அவன் தண்ணீர் குடிக்கவில்லை.

செங் கிராமத்தைத் தாண்டும்வரை யோசனை ஒன்றும் ஓடவில்லை. மிதித்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு மைல்கல்லிலும் ஒரு யோசனை வந்து ஏறிக்கொண்டது. சட்டைப்பையில் இருக்கும் காகிதத்தில் பன்னிரண்டு. ரோட்டில் நடப்பது பதினைந்து. எல்லையில் எண்ணுவார்கள். மீதி மூன்று எங்கிருந்து வந்தது என்பார்கள். கொம்பில் எப்படிச் சிவப்பு வந்தது என்பார்கள். அந்தப் பெயிண்டு மலாக்காவில் அவன் டின்னில் மட்டும்தான் இருக்கிறது. ஒருவேளை எண்ணாமல் விட்டால்? விட்டால் ரயிலேறும். மூடிய வண்டியில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஒரு பகல் ஓர் இரவு. போய் இறங்கிய சில நாளில் பதினைந்துக்கும் வாயில் நுரை இருக்கும். காகிதத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அடியில் தமிழில் கையெழுத்து. கலியாணசுந்தரம் என்று முழுப் பெயரும் போடுகிற பழக்கம் அவனுக்கு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பழக்கியது. இன்றைக்கு அந்தப் பெயர் இவ்வளவு நீளமாக இருக்க வேண்டுமா என்று தோன்றியது.

திரும்பிப் போய்விடலாமா என்றும் நினைத்தான். சைக்கிள் உடைந்துவிட்டது என்று சொல்லலாம். எங்கே திரும்புவது? பாக்கியலட்சுமி இந்நேரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். லாரி வந்தால் அவளிடம்தான் முதலில் கேட்கும்.

அலோர் காஜாவுக்கு மூன்று மைல் இருக்கும்போது மாடுகளைக் கண்டான். ரப்பர் மர நிழலில், செம்மண் ரோட்டோரம் படுத்தும் நின்றும் கிடந்தன. பக்கத்தில் ஓர் ஓடை. கோர்ப்பரல் ஒருவன் தகர டப்பாவில் சோறு தின்றுகொண்டிருந்தான். இளவயதுச் சிப்பாய் ஒருவன் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். ஷரீஃபுதீன் பாய் சற்றுத் தள்ளிக் குந்தியிருந்தார். இடது கன்னம் வீங்கி ஒரு பக்கக் கண்ணை மூடியிருந்தது. கலியாணசுந்தரம் முதலில் கோர்ப்பரலுக்கு இடுப்பு வளையக் கும்பிட்டான். தின்று முடிக்கும்வரை பொறு என்பதுபோல் கோர்ப்பரல் கையை அசைத்தான். கலியாணசுந்தரம் பாயின் பக்கத்தில் வந்து குந்தினான்.

"சொன்னேன் டிரஸரே," என்றார் பாய், உதட்டை அசைக்காமல். "இது பால் மாடு, நம்ம கணக்கு இல்லன்னு சொன்னேன். அதுக்குத்தான் இந்தக் கன்னம். இப்ப நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. பதினஞ்சுன்னு மாத்திக் குடுத்துருங்க. ரயிலு ஏறிட்டா அது அவன் மாடு."

"செவலைக்குக் கோமாரி பாய்."

பாய் ஓடையைப் பார்த்தார். "வழி பூரா தெரிஞ்சுக்கிட்டேதான் வந்தேன். கண்ணு அங்கேயே போவுது. பாக்காத மாதிரி வந்தேன். கடைசியா ஓட்டியாந்தேன், ஒதுக்கி ஒதுக்கி. இங்க வந்ததும் எல்லாம் ஒரே தண்ணியில வாய வெச்சிருச்சு."

செவலை தனியாக நின்றது. தலை தொங்கியிருந்தது. வாயிலிருந்து கயிறு போல எச்சில் தரைவரை இறங்கி அறாமல் ஆடிக்கொண்டிருந்தது. முன்னங்கால் ஒன்றை ஊன்றுவதும் எடுப்பதுமாக இருந்தது. கொம்பு இரண்டும் பளபளவென்று சிவந்திருந்தன. பூங்காவனம் ஒரு சொட்டும் வீணாக்காமல் அழகாகப் பூசியிருந்தாள்.

கோர்ப்பரல் டப்பாவை ஓடையில் அலசிவிட்டு வந்து காகிதத்தைக் கேட்டான். வாங்கி, விரலால் வரிகளை எண்ணினான். பிறகு மாடுகளைப் பார்த்து எண்ணினான். மறுபடி காகிதம். முகம் சுருங்கியது. ஆனால் கோர்ப்பரல் கோபப்படவில்லை. சிரித்தான். மூன்று மாடு கூட இருக்கிறது, குறையவில்லையே. பையிலிருந்து ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து நீட்டினான். "லீமா பெலாஸ். துலிஸ்," என்றான் மலாயில். பதினைந்து, எழுது.

பாய் கண்ணை மூடிக்கொண்டார். உதடு ஏதோ ஓதியது.

கலியாணசுந்தரம் பென்சிலை வாங்கினான். காகிதத்தைச் சைக்கிள் சீட்டின்மேல் வைத்து, பதிமூன்று என்று எண் போட்டான். வெள்ளை, பசு. நெற்றியில் சுழி. எழுதும்போதே எழுந்து போய் வெள்ளையின் வாயைத் திறந்து பார்த்தான். சுத்தம். பதினாலு, கருப்பு, பசு. போய்ப் பார்த்தான். அதுவும் சுத்தம். பன்னிரண்டு வருஷ வேலையில் நாக்கைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு மாட்டை அவன் எழுதியதில்லை. இது பயத்தால் வந்த பழக்கம்தான், நேர்மை என்று அவன் இதைச் சொல்லிக்கொண்டதில்லை. பதினைந்து என்று எண் போட்டுவிட்டு எழுந்தபோது, இந்த ஒன்றைப் பார்க்காமல் எழுதிவிடு என்று தலை சொன்னது. கால் போய்விட்டது. கை வாய்க்குள் போய்விட்டது. செவலை வலியில் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டது. நாக்கைப் பிடித்து இழுத்தான். வெந்த கிழங்கின் தோல் உரிவதுபோல நாக்கின் மேல்தோல் மொத்தமாகக் கழன்று அவன் கையோடு வந்தது. அடியில் பச்சை ரணம்.

கோர்ப்பரல் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபீஸில் வாரம் மூன்று சாயங்காலம் ஜப்பானிய வகுப்பு. நூறு சொல் தெரிந்திருக்க வேண்டும். கலியாணசுந்தரத்துக்கு நாற்பது தெரியும். அதில் ஒன்று இப்போது தொண்டைக்கு வந்தது.

"பியோக்கி," என்றான். சீக்கு.

கோர்ப்பரல் பின்னால் நகர்ந்தான். பூட்ஸைப் புல்லில் தேய்த்தான். பிறகு ஒரே நேரத்தில் எல்லாம் நடந்தது. தூங்கிய சிப்பாயை உதைத்து எழுப்பினான். கலியாணசுந்தரத்தின் காதோரம் ஓர் அறை விழுந்தது. கீழே விழுந்து எழுந்தான். இன்னொன்றும் விழும் என்று எழுந்து நின்று காத்திருந்தான். விழவில்லை. அறைந்த கையைக் கோர்ப்பரல் ஓடையில் கழுவிக்கொண்டிருந்தான், மணலை அள்ளித் தேய்த்துத் தேய்த்து. சிப்பாய் கலியாணசுந்தரத்தின் சைக்கிளை எடுத்துக்கொண்டு அலோர் காஜா பக்கம் மிதித்தான். அங்கே போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் இருக்கிறது.

கோர்ப்பரல் துப்பாக்கி முனைக் கத்தியைக் கழற்றி, செம்மண்ணில் ஒரு கோடு கிழித்தான். ரோட்டின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை. பிறகு ரப்பர் மரங்களுக்கிடையே சுற்றிக்கொண்டு வந்து ஓடை வரை இழுத்தான். பதினைந்து மாடும் இரண்டு மனிதரும் உள்ளே. அவன் வெளியே. கோட்டைத் தாண்டுவது மாடானாலும் ஆளானாலும் சுடுவேன் என்று கையாலும் மலாயாலும் சொல்லிவிட்டு, ரோட்டின் எதிர்ப்பக்கம் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

ரப்பர் இலை ஒன்று சுற்றிச் சுற்றி விழுந்தது. பாய்தான் ஆரம்பித்தார்.

"என் பன்னெண்டும் போச்சு. அது போவட்டும். பெயிண்டு யார் பூசுனதுன்னு கேப்பாங்களே."

"நான் பூசுனேன்னு சொல்லிடறேன்."

"மூணுக்குமா?"

"பதினஞ்சுக்கும். என் டின்லேருந்துதான பாய் போச்சு."

"அவ பேரு?"

"அவ பேரு எதுக்கு?"

பாய் தலையைக் குனிந்து, வீங்கிய கன்னத்தை உள்ளங்கையால் மெல்லத் தாங்கிக்கொண்டார்.

"என்னையும் கேப்பான் டிரஸரே. தனியா வெச்சுக் கேப்பான். எனக்கு அடி தாங்காது. நாலு பொட்டப் புள்ளைங்க. அத இப்பவே சொல்லிடறேன், அப்புறம் என்னத் திட்டாதீங்க."

கலியாணசுந்தரம் அவரைத் திட்டவில்லை. எனக்கும் தாங்குமா என்று தெரியாது என்பதைச் சொல்லலாமா என்று பார்த்தான். சொன்னால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது. இந்நேரம் பூங்காவனம் என்ன செய்துகொண்டிருப்பாள்? எங்காவது ஓடியிருந்தால் நல்லது. ஓட மாட்டாள். மாடு திரும்பி வரும் என்று பட்டியோரம் நின்றுகொண்டிருப்பாள். டிரஸர் தம்பி போயிருக்கிறது, பிரித்துக் கூட்டி வந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அலோர் காஜா பக்கமிருந்து ஏதோ சத்தம் வந்தது. லாரியா, காற்றா என்று பிரிக்க முடியவில்லை. கோர்ப்பரல் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். பாய் எழுந்து நின்றார், பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பவும் குந்திக்கொண்டார்.

செவலை தள்ளாடி நடந்து கலியாணசுந்தரத்தின் பக்கத்தில் வந்து நின்றது. சைக்கிள் மிதித்த வேர்வை காய்ந்து அவன் முழங்கையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மாடு அதை மோந்து பார்த்தது. தோல் உரிந்த நாக்கை நீட்டி ஒருமுறை நக்கியது. உப்புப் பட்டதும் எரிந்திருக்க வேண்டும். உடம்பெல்லாம் சிலிர்த்துத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நாக்கை நீட்டியது. சத்தம் வளைவைத் தாண்டி இப்போது நன்றாகவே கேட்டது. அவன் கையை எடுக்காமல் அப்படியே நீட்டி வைத்திருந்தான்.